காலண்டருக்குப் பின்னால் இருந்த உண்ணிகள்

கேள்வி இதுதான்: “ஒரு ராஜபாளையமும் ஒரு நாட்டு நாயும் வளர்க்கிறோம். வாரா வாரம் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியும் உண்ணி போகவில்லை. இப்போது தெள்ளுப்பூச்சியும் சேர்ந்துவிட்டது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால் மருந்தெல்லாம் வேண்டாம் என்று நினைக்கிறோம். இயற்கையான முறையில் எப்படிக் குளிப்பாட்டுவது, எதைத் தடவுவது?”

இன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு நாய்கள் படுக்கும் இடத்துக்குப் போங்கள். நாயை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள விரிசல், சுவிட்ச் போர்டு ஓரம், ஜன்னல் திரையின் மடிப்பு, மேலே கூரையும் சுவரும் சேரும் மூலை. எங்கள் வீட்டில் நான் முதன்முதலில் இப்படித் தேடியபோது தினசரி காலண்டர் அட்டையைத் தூக்கினால் பின்னால் ஒரு குடும்பமே இருந்தது. நாலைந்து பெரியவை, கடுகு அளவில் முப்பது நாற்பது, நடுவில் பழுப்பு நிறத்தில் ஜவ்வரிசியை மாவாக்கி ஒட்டியது போல ஒரு திட்டு. அந்தத் திட்டு முட்டை. அதற்கு முந்தைய ஆறு மாதமும் நான் நாயைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நம் ஊர் நாய்களில் பெரும்பாலும் பார்ப்பது பழுப்பு நாய் உண்ணி. மற்ற பல உண்ணிகளுக்குப் புல்லின் ஈரம் வேண்டும், வீட்டுக்குள் வந்தால் காய்ந்துபோகும். இது மட்டும் வீட்டுக்குள்ளேயே பிறந்து, வளர்ந்து, பெருகும். முட்டையிலிருந்து வருவது ஆறு கால் குஞ்சு. நாய் மேல் ஏறி ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும். எங்காவது ஒளிந்து தோல் உரித்து எட்டுக் காலோடு வரும். மறுபடி ஏறும், குடிக்கும், விழும், உரிக்கும். மூன்றாவது தடவைதான் பெரிய உண்ணியாக வந்து ஏறும். ஒவ்வொரு தடவையும் நாய் மேல் தங்குவது ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. மீதி நாளெல்லாம் உங்கள் சுவரில்தான். பெண் உண்ணி ஒன்று 4,000 முட்டை வரை இட்டுவிட்டுச் செத்துப்போகும். ரத்தம் கிடைக்காத பெரிய உண்ணி ஒரு வருடத்துக்கு மேல்கூடப் பட்டினியாகக் காத்துக் கிடக்கும். அதனால்தான் நாயே இல்லாமல் பூட்டிக் கிடந்த வீட்டுக்குக் குடிபோனவர்கள், புதுக் குட்டி வாங்கிய வாரமே உண்ணி வந்துவிட்டது என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள்.

ரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணியைப் பார்த்தால் ஆமணக்கு முத்து நினைவுக்கு வரும். நமக்கு மட்டும் இல்லை, ஆமணக்கின் அறிவியல் பெயரில் வரும் ‘ரிசினஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கே உண்ணி என்றுதான் பொருள்.

தெள்ளுப்பூச்சியின் கதை வேறு. பெரிய தெள்ளு நாயை விட்டு லேசில் இறங்காது, ஆனால் முட்டைகள் வழுக்கி விழுந்துவிடும். ஒரு நாளைக்கு 40, 50 முட்டை. நாய் படுக்கும் மிதியடி, சோபா இடுக்கு, கட்டிலுக்கு அடியில் உள்ள தூசி என்று எல்லா இடத்திலும் முட்டையும் புழுவும் கூடும் இருக்கும். ஒரு வீட்டில் உள்ள தெள்ளுக் கூட்டத்தில் நம் கண்ணில் படும் பெரிய பூச்சி 5 சதவீதம் என்பார்கள், மற்ற 95 சதவீதம் தரையில். அதிலும் கூட்டுக்குள் இருப்பவை எந்த மருந்துக்கும் அசையாமல் மாதக்கணக்கில் இருந்துவிட்டு, காலடி அதிர்வும் உடம்புச் சூடும் பட்டதும் குதித்து வெளியே வரும்.

உங்கள் நாய்க்கு இருப்பது தெள்ளுதானா என்று சந்தேகம் இருந்தால், வாலடியில் பேன் சீப்பால் வாரி வரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் தேயுங்கள். மண்ணாக இருந்தால் மண் நிறம்தான் தெரியும். தெள்ளின் எச்சமாக இருந்தால் செம்பழுப்பாகக் கரையும், நாயின் ரத்தம் அது.

சரி, குளியலுக்கு வருகிறேன். வாரா வாரம் குளிப்பாட்டுவது அதிகம். ராஜபாளையத்துக்கும் நாட்டு நாய்க்கும் குட்டை முடி, தோல் எண்ணெய்தான் அவற்றின் காப்பு. மூன்று வாரத்துக்கு ஒரு முறை போதும், சேற்றில் புரண்டு வந்தால் அது வேறு கணக்கு. வாரா வாரம் ஷாம்பு போட்டால் தோல் காய்ந்து பொடுகு உதிரும், நாய் சொறியும், நாம் உண்ணி என்று நினைத்து இன்னொரு தடவை ஷாம்பு போடுவோம். மனிதர்களின் ஷாம்பும் சோப்பும் வேண்டாம். நம் தோல் லேசான அமிலத் தன்மை உடையது, நாயின் தோல் அப்படி இல்லை.

இயற்கையாக என்று கேட்டால் என் கை முதலில் போவது அரப்புக்கு. உசிலை இலையைக் காயவைத்து அரைத்த பொடி. கொங்கு நாட்டில் இன்னும் பல வீடுகளில் எண்ணெய்க் குளியலுக்கு அதுதான். நுரை குறைவாக வரும், அழுக்கையும் எண்ணெயையும் எடுக்கும், சீயக்காய் அளவுக்குக் கண் எரியாது, சூட்டைத் தணிக்கும் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். ராஜபாளையம் அளவு நாய்க்கு ஐந்தாறு மேசைக்கரண்டி அரப்பு, இரண்டு கரண்டி பாசிப்பயறு மாவு. வெறும் தண்ணீரில் கரைக்காமல் ஆறிய வடிகஞ்சியில் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்துக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். கஞ்சி சேர்ந்தால் பொடி முடியில் சொரசொரக்காமல் வழுவழுவென்று இறங்கும், அலசும்போதும் சுலபம்.

சீயக்காயும் பூந்திக்கொட்டையும் கூடாது என்று சொல்லவில்லை. பூந்திக்கொட்டையின் நுரை உண்மையிலேயே தெள்ளுக்கு நல்லது. வெறும் தண்ணீரில் தெள்ளு மூழ்காமல் தப்பித்துவிடும், நுரைத் தண்ணீரில் மூழ்கும். ஏழெட்டுக் கொட்டையை விதை நீக்கி ராத்திரி ஊறவைத்து, காலையில் கொதிக்கவிட்டுக் கசக்கி வடிகட்டினால் ஒரு குளியலுக்குப் போதும். ஆனால் கண்ணில் ஒரு சொட்டுப் பட்டாலும் அந்த நாய் அடுத்த முறை வாளியைக் கண்டதுமே மாடிக்கு ஓடிவிடும். அதனால் கழுத்துக்குக் கீழே மட்டும்.

மஞ்சள் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். நாட்டு நாய்க்குச் சேருங்கள். வெள்ளை ராஜபாளையத்துக்குச் சேர்த்தால் மஞ்சள் நீராட்டு முடிந்து வந்த பெண் மாதிரி பத்து நாள் வாசலில் நிற்கும். அனுபவத்தில் சொல்கிறேன்.

குளிப்பாட்டும் வரிசையில் ஒரு விஷயம் முக்கியம். பலரும் முதுகில் தண்ணீர் ஊற்றித்தான் ஆரம்பிப்பார்கள். ஊற்றியதும் தெள்ளுகள் எல்லாம் தலைப்பக்கம் ஓடிக் காதிலும் கண்ணோரத்திலும் ஏறிக்கொள்ளும். அதற்கு முன்னால் கழுத்தைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் போல அரப்பைக் கெட்டியாகக் குழைத்துப் பூசிவிடுங்கள். அந்த வேலியைத் தாண்டிப் போவது அவற்றுக்குக் கஷ்டம். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீர், முதுகு, வயிறு, தொடை இடுக்கு, வாலடி, கடைசியாகப் பாதம். விரல்களைப் பிரித்து நடுவில் தேய்க்க வேண்டும், அங்கேதான் சின்ன உண்ணி இருக்கும். பூசிய பிறகு பத்து நிமிடம் அப்படியே விட்டு, அந்த நேரத்தில் பேன் சீப்பால் வாருங்கள். சீப்பில் வருவதைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் தட்டுங்கள். இந்தப் பத்து நிமிடச் சீப்பு வேலைதான் குளியலிலேயே அதிகப் பலன் தருவது, பொடியும் இலையும் அதற்குத் துணைதான். காதில் முன்கூட்டியே பஞ்சு வைத்து, முடிந்ததும் மறக்காமல் எடுங்கள். வெயில் வந்த பிறகு குளிப்பாட்டிக் காயவிடுங்கள், சாயங்காலக் குளியல் வேண்டாம். இரண்டு மாதம் ஆகாத குட்டியைக் குளிப்பாட்டவே கூடாது, ஈரத்துணியால் துடைத்துச் சீப்புப் போட்டால் போதும்.

கடைசி அலசலுக்கு வேப்பிலைத் தண்ணீர். இரண்டு கைப்பிடி இலையை மூன்று லிட்டர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, வடிகட்டி உடம்பில் ஊற்றி அப்படியே காயவிடுங்கள். அதை மறுபடி கழுவ வேண்டாம். ஒரு எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்: வேம்பு உண்ணியைப் பட்டென்று கொல்லாது. பூச்சி உண்ணாமல் ஒதுங்குவதும், அதன் தோலுரிப்பும் வளர்ச்சியும் கெடுவதும்தான் வேம்பின் வேலை. ஏற்கனவே வாயைப் புதைத்துக் குடித்துக்கொண்டிருக்கும் உண்ணிக்கு வேப்பிலைத் தண்ணீர் ஒரு மழை மாதிரிதான்.

தடவுவதற்கு 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 5 மில்லி வேப்பெண்ணெய். அதற்கு மேல் போகாதீர்கள், சுத்தமான வேப்பெண்ணெயை நேரடியாகப் பூசினால் தோல் சிவக்கும், நக்கினால் வாந்தி எடுக்கும். முதலில் ரூபாய் நாணயம் அளவு இடத்தில் தடவி ஒரு நாள் பாருங்கள். ஒத்துக்கொண்டால் காது மடலின் வெளிப்பக்கம், கழுத்து, வாலடி, கால் விரல் இடுக்கு என்று லேசாக, வாரம் இரண்டு தடவை. சினை நாய்க்கும் குட்டிக்கும் வேண்டாம். வீட்டில் பூனை இருந்தால் பூனைக்கு நிச்சயம் வேண்டாம்.

இயற்கை என்ற பெயரில் சுற்றும் சில குறிப்புகள் நாயைக் கொன்றுவிடும். நானே செய்த தப்பிலிருந்து தொடங்குகிறேன். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிப் பூசினால் உண்ணி உதிரும் என்று யாரோ சொல்ல, பூசினேன். நக்கியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் வாயில் நுரை, பின்னங்கால் நடுக்கம். ராத்திரி பதினோரு மணிக்கு ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினேன். பிழைத்தது என் நல்ல நேரம். கற்பூரம் நாய்க்கு வலிப்பு வரவைக்கும். அந்துருண்டையும் விஷம், அதைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிடுபவர்கள் இருக்கிறார்கள். பூண்டைச் சோற்றில் பிசைந்து கொடுத்தால் ரத்தம் வாடை அடித்து உண்ணி அண்டாது என்பதும் அப்படித்தான். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். உண்ணி குடித்துக் குறைத்த ரத்தத்தை நாமும் சேர்ந்து குறைப்பதா? டீ ட்ரீ ஆயில் ‘நேச்சுரல்’ என்று பாட்டிலில் போட்டிருக்கும், அதை நீர்க்காமல் பூசினால் நாய் தள்ளாடும். மண்ணெண்ணெய் தோலை வேகவைக்கும்.

மாட்டு உண்ணிக்குக் கால்நடைத் துறையில் பரவலாகச் சொல்லும் மூலிகைக் கரைசல் ஒன்று உண்டு. பூண்டு, வேப்பிலை, வேப்பம்பழம், வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை எல்லாவற்றையும் அரைத்து வடிகட்டி மாட்டின் மேல் தெளிப்பது. நல்ல கரைசல்தான், மாட்டுக்கு. நாய் தன் உடம்பு முழுக்க நக்கித் துடைக்கும் பிராணி. பூண்டைச் சொல்லிவிட்டேன், உண்ணிச்செடி இலை வயிற்றுக்குள் போனால் கல்லீரலைக் கெடுக்கும், வசம்பும் நக்குவதற்கு ஏற்றதில்லை. பேரில் உண்ணி இருக்கிறதே என்று அந்தச் செடியைப் பறித்து நாய் மேல் தேய்க்காதீர்கள். அதில் இருக்கும் வேப்பிலையையும் துளசியையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

உண்ணியைக் கையால் எடுப்பதுதான் இருப்பதிலேயே இயற்கையான மருத்துவம். தினமும் சாயங்காலம் பத்து நிமிடம். காதுக்குள் மடிப்பு, காலர் அடியில், அக்குள், தொடை இடுக்கு, விரல் நடுவே, வாலுக்கு அடியில். ராஜபாளையம் வெள்ளையாக இருப்பதால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். புருவம் திருத்தும் இடுக்கியால் தோலை ஒட்டி, உண்ணியின் வாய்ப் பக்கமாகப் பிடித்து, திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், நேராக ஒரே சீராக இழுங்கள். ஊதுபத்தி வைத்துச் சுடுவதும் எண்ணெய் ஊற்றி மூச்சு முட்டவைப்பதும் கூடாது. அப்போது உண்ணி வயிற்றில் உள்ளதை நாயின் உடம்புக்குள்ளேயே கக்கும். எடுத்ததைச் சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். நகத்தில் வைத்து நசுக்கும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு, அந்தச் சத்தத்தில் ஒரு திருப்தி. அதை விட்டுவிடுங்கள். இந்த உண்ணி வழியாக மனிதருக்கும் ஒருவகை டைபஸ் காய்ச்சல் வரும், குழந்தை இருக்கும் வீடு வேறு. குழந்தை தெள்ளைத் தப்பித்தவறி விழுங்கிவிட்டால் அதிலிருந்து நாடாப்புழுவும் வரலாம். நாயின் வாலடியில் அரிசி போல வெள்ளையாக ஏதாவது நெளிந்தால் அந்தப் புழுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சுவர். விரிசல்களை வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்து, நாய் படுக்கும் பகுதிக்குச் சுண்ணாம்போ பெயிண்டோ அடியுங்கள். கிராமத்தில் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்ததில் இந்த லாபமும் இருந்தது. அலமாரி, காலண்டர், படம் எதுவும் அந்தச் சுவரில் வேண்டாம். படுக்கையைச் சுவரை விட்டு ஒரு அடி தள்ளிப் போடுங்கள். கோணியும் மெத்தையும் வேண்டாம், துவைக்கக்கூடிய பழைய பருத்திச் சேலையை மடித்துப் போட்டால் போதும். வாரம் ஒரு முறை அதைக் கொதிக்கும் தண்ணீரில் நனைத்துத் துவைத்து, உச்சி வெயிலில் காயவையுங்கள். தரையைத் தினமும் பெருக்கி, குப்பையை உடனே வெளியேற்றுங்கள். வேக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது, அந்த அதிர்வில் தெள்ளுகள் கூட்டை விட்டு வந்து மாட்டிக்கொள்ளும். வசம்புப் பொடியைப் பயன்படுத்த ஆசை என்றால் நாயும் குழந்தையும் தொட முடியாத விரிசலுக்குள் தூவி அடையுங்கள். தோட்டத்தில் புல்லை ஒட்ட வெட்டி, நாய் வழக்கமாகப் படுக்கும் நிழலில் மண்ணைக் கிளறி வெயில் படவிடுங்கள். கோழி வளர்த்தால் அது தன் பங்குக்குக் கொத்தும்.

இதை மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். உண்ணியின் ஒரு சுற்று நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மூன்று மாதம். நடுவில் பத்து நாள் ஒன்றுமே காணவில்லை என்று விட்டீர்களானால் சுவரில் இருப்பது அடுத்த உருவில் இறங்கி வரும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாய் மேலும் தினம் பத்து இருபது உண்ணி எடுக்கிறீர்கள் என்றால், இயற்கை முறையில் மட்டும் அதை அடக்க முடியாது. குழந்தை இருப்பதால் மருந்து வேண்டாம் என்கிறீர்கள். பவுடரும் ஸ்பிரேயும் முடியில் இருக்கும், குழந்தை தடவினால் கையில் ஒட்டும், அந்தப் பயம் நியாயம். ஆனால் இப்போது மாத்திரையாக வருபவை நாயின் ரத்தத்தில் இருப்பவை, முடியில் எதுவும் இருக்காது. அஃபாக்சோலனர் ஒரு மாதம், ஃப்ளூராலனர் ஏறக்குறைய 12 வாரம் காக்கும். வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்க்கு யோசித்துத்தான் கொடுக்க வேண்டும், 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதை எச்சரித்திருக்கிறது. டாக்டரிடம் எடை போட்டு, பழைய நோய் எல்லாம் சொல்லி வாங்குங்கள். என் யோசனை, முதல் மூன்று மாதம் மாத்திரையும் சுவர் வேலையும் சேர்ந்து நடக்கட்டும், சுற்று அறுந்த பிறகு அரப்பும் வேம்பும் சீப்பும் போதும். கழுத்தில் ஊற்றும் சொட்டு மருந்தைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. வாரா வாரம் ஷாம்பு போட்டுக்கொண்டே அதையும் ஊற்றிவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள் நிறைய. மருந்துக் கடையில் மாட்டுக்கு விற்கும் உண்ணி மருந்தைக் கண் அளவில் கலந்து ஊற்றுவதும், மாட்டு அளவில் ஐவர்மெக்டின் ஊசி போடச் சொல்வதும் வேண்டாம். கோலி ரக நாய்கள் பலவற்றுக்கு அந்த ஊசி உயிருக்கே ஆபத்து.

உண்ணி எடுத்த வாரங்களில் நாய் சோற்றைப் பார்த்து முகம் திருப்பினாலோ, படுத்தே கிடந்தாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்காதீர்கள். உண்ணி பரப்பும் கிருமிகளால் வரும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் அது. ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருக்கும். எர்லிக்கியா என்ற கிருமி என்றால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை வழக்கமாக 28 நாள், நான்காம் நாளே வால் ஆட்டினாலும் முழுவதும் கொடுக்க வேண்டும். சிறுநீர் நிறம் மாறுவது பெரும்பாலும் பபீசியா என்ற இன்னொரு கிருமியால், அதற்கு மருந்து வேறு, அதனால் டாக்டரிடம் நிறத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் நாட்டு நாய் தெருவுக்குப் போய் வரும் என்றால், கேட்டுக்கு உள்ளேயே அதை நிறுத்திக் காதையும் பாதத்தையும் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். எங்கள் வீட்டில் அதற்கென்றே கேட் தூணில் ஒரு மூடி போட்ட பாட்டிலில் சோப்புத் தண்ணீர் இருக்கிறது. இடுக்கி அதன் கழுத்தில் நூலில் தொங்குகிறது. காலண்டர் இப்போது சமையலறையில்.